இருபத்தாறு வருடம் தள்ளிய சைக்கிள்

சைக்கிளால் ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய சுகங்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுபவித்தவர் அவர். மணி அடித்திருக்கிறார். டயருக்குக் காற்றடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டியிருக்கிறார். செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். கடைவீதி நெரிசலில் முன்சக்கரத்தை நுழைத்து, "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்து நாலு பேரை நகர வைத்திருக்கிறார். பேன்ட்டின் வலது காலுக்குக் கிளிப் மாட்டாமல் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை. மிதித்ததில்லை, அவ்வளவுதான்.

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த விஷயம் இருபத்தாறு வருடமாக அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

உத்தியோகம், எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை. சரியில்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் ஊரெல்லாம் அவருக்குப் 'பத்து கிராம் சார்' என்று பெயர். அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், தராசுத் தட்டுகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகள் பயத்தில் தாமாகவே கழன்று விழும் என்று சொல்லுவார்கள். ஒரு மீன் கடையில் அப்படி விழுந்ததைப் பார்த்த இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். மூன்றாமவர் மீன்காரரே. அவர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'சைக்கிள் ஓட்டத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி. வரிசையில் முன்னால் நின்றவர் 'ஆம்' என்று எழுதினார். இவரும் எழுதினார். சாயங்காலமே அலுவலகத்தில் பச்சை நிறச் சைக்கிள் ஒன்றையும், எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டுவிடலாம் என்று எண்ணி, வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. அதற்குப் பிறகு கல்யாணம் ஆகிவிட்டது.

தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், இப்போதுதான் இறங்கியிருக்கிறார் என்றோ, இதோ ஏறப்போகிறார் என்றோதான் உலகம் நினைக்கும். கேரியரில் இருபது கிலோ இரும்பு வேறு இருந்தால் கேள்வியே எழாது. அலுவலக வாசல் நெருங்கும்போது மட்டும் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு உந்து உந்தி, பத்தடி உருண்டு வந்து கம்பீரமாக இறங்குவார். காவல்காரர் சலாம் வைப்பார். அந்த வலது கால் ஒருநாளும் சீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை என்பதைக் காவல்காரர் கவனித்ததில்லை.

தள்ளிப் போவதில் சுகம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டிலிருந்து அலுவலகம் நாலு கிலோமீட்டர். ரொட்டிக்கடையின் பின்சந்தில் வெளியேறும் சூடான காற்று மிதித்துப் போகிறவன் மூக்கில் ஒரு நொடிதான் நிற்கும். இவருக்குச் சந்து முழுக்கக் கிடைக்கும். பாதாள ரயில் ஓடும் சாலையில் நடைபாதைக் கம்பிவலை மேல் நின்றால், கீழே ரயில் போகும்போது பேன்ட்டுக்குள் வெதுவெதுவென்று காற்று ஏறும். குளிர்காலத்தில் அங்கே நின்று செயினைச் சரிபார்ப்பார். இசைப்பள்ளி இருக்கும் தெருவில் இன்னும் விசேஷம். இரண்டாம் மாடி ஜன்னலில் யாரோ ஒரு பெண்மணி வயலின் கற்றுக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தடுக்கல். முகம் பார்த்ததில்லை. அந்த இடம் வரும்போது இவரும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் அந்த இடத்தைத் தடுக்காமல் தாண்டிவிட்டார். இவர் கீழே நின்று மணியை விடாமல் அடித்தார். ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள்.

மனைவிக்குச் சலவைக்கடைக் கவுன்ட்டரில் வேலை. பிறர் சட்டைப் பையில் மறந்த சீட்டுகளைப் படித்தே நகரத்தின் பாதிக் குடும்பங்களை அறிந்து வைத்திருப்பவள். கட்டிய புருஷனின் சட்டைப் பையில் கிளிப்பைத் தவிர எதுவும் கிடைத்ததில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. கடை வாசலிலிருந்து பார்த்தால் பெரிய மேம்பாலம் தெரியும். கார்கள் மட்டும் போகும் பாலம். நடக்கிறவர்களுக்கு அனுமதி இல்லை, பஸ்ஸும் அந்தப் பக்கம் போகாது. அதன்மேல் ஒருநாள் போகவேண்டும், அது முடியாவிட்டால் புருஷனோடு கேரியரில் உட்கார்ந்து எங்கேயாவது போகவேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். முட்டி வலி என்றார். அப்புறம் கேட்டாள். பஞ்சர் என்றார். இப்படியே முட்டியும் டயரும் மாறி மாறி இருபத்தாறு வருடத்தை ஓட்டின.

அப்போதுதான் நகராட்சி ஒரு சுவரொட்டி ஒட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு முதல் பத்து வரை, மேம்பாலத்திலும் அதை ஒட்டிய சாலைகளிலும் சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி. உச்சியில் வாத்தியக் கோஷ்டி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சலவைக்கடையிலும் கொடுக்கலாம்.

"ஏங்க, இன்னைக்குலேருந்து அஞ்சாவது ஞாயிறு உங்களுக்கு ஏதும் வேலை இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்கணும்."

"பாத்துட்டேன். இல்ல. பேர் குடுத்துட்டேன்."

"முட்டி..."

"முட்டிக்கு அஞ்சு வாரம் டைம் இருக்கு. சரியாப் போயிடும்."

"டயரு கொஞ்சம்..."

"புதுசு போட்டாச்சு. நேத்து கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து ரெண்டும் மாத்திட்டேன். பெட்டி கிட்டின்னு ஆரம்பிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை எந்தக் கடைக்காரன் தராசு காட்டறான்? அது வீட்ல தூங்கட்டும். அந்த எடத்துல நான் உக்காருறேன். இத்தனை வருஷமா இரும்பைக் கூட்டிட்டு ஊரைச் சுத்துறீங்க. என்னை ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. மேல ஏறுறப்ப இல்லன்னாலும் எறங்குறப்ப காத்து மூஞ்சில அடிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பத்து கிராமுக்குக் கடையை மூட வைத்த மனிதர், வீட்டுக்குள் இத்தனை பெரிய குறையெடையை வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? திட்டுவாள். அது பழக்கம்தான். திட்டாமல், 'இதுல குறைஞ்சா வேற எதுலெல்லாம் குறைஞ்சிருக்கோ' என்ற கண்ணோடு பார்த்தால்? அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் கடைக்காரர்களை அப்படிப் பார்ப்பவர் அவர்தான்.

ஊருக்கு வெளியே லாரி எடைமேடை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு இரும்புத் தளம், மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் லாரி வராது. அதை நடத்துவது ஓர் அம்மாள். கண்ணாடி அறைக்குள் ரேடியோவும் அவருமாக உட்கார்ந்திருப்பார். அந்தச் சனிக்கிழமை இவர் போய், முத்திரையை ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்துவிட்டு, கிளம்பாமல் நின்றார்.

"என்ன சார், மேடையில ஏதும் குறையா?"

"இல்லம்மா. தளம் நல்லா மட்டமா இருக்கு."

"அதுக்குத்தானே சார் போட்டிருக்கு."

"இதுமேல சைக்கிள் ஓட்டலாமா?"

அந்த அம்மாள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "சார், நாலு வருஷமா இங்க வந்து போறீங்க. வர்றப்பவும் சீட்டு மேல தூசி, போறப்பவும் தூசி. நானா கேட்டா மரியாதையா இருக்காதுன்னு இருந்தேன். எப்ப வேணும்?"

"அஞ்சாவது ஞாயிறு. பின்னாடி ஆளோட."

"ஆளு எவ்ளோ எடை?"

"அம்பத்தெட்டு இருக்கும்."

"கேட்டீங்களா?"

"கேட்டுட்டு நான் உயிரோட இருக்கறதா? கண்ணாலயே போட்டது."

பாடம் ஆரம்பமானது. கண்ணாடி அறைக்கு மேலே, தளத்துக்கு வலது பக்கமாக, சிவப்பு எண்களில் எடை காட்டும் பெட்டி இருந்தது. அது லாரிகளுக்கானது. இருபது கிலோ இருபது கிலோவாகத்தான் ஏறும், இறங்கும். இவர் எண்பத்து நாலு, சைக்கிள் பதினெட்டு. ஆடாமல் போனால் 'நூறு' என்று நிற்கும். ஆடினால் எண்பது, நூற்றிருபது என்று துள்ளும். விழுந்துவிட்டால் நூறு வந்து அசையாமல் நிற்கும். விழுந்து கிடக்கும்போது மட்டும் இவ்வளவு துல்லியமாக இருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது.

எண்ணை நம்பி வாழ்ந்த மனிதர். ஆடுகிறோமா இல்லையா என்பதை உடம்பைக் கேட்காமல் பெட்டியைக் கேட்டார். கழுத்தை வலது பக்கம் திருப்பி, சிவப்பு எண்ணையே பார்த்தபடி மிதித்தார்.

"சார், முன்னாடி பாருங்க!"

"எடை பாக்கறேம்மா!"

"எடை எங்கயும் ஓடிடாது சார், நீங்கதான் ஓடிட்டிருக்கீங்க!"

திருத்த முடியவில்லை. முன்னால் பார்த்தால் விழுந்தார், வலது பக்கம் பார்த்தால் போனார். சரி, போகிறவரை போகட்டும் என்று அந்த அம்மாளும் விட்டுவிட்டார். ரேடியோவில் துள்ளலான பாட்டு வந்தால் தாளத்துக்கு மிதித்து மறுமுனை வரை வந்துவிடுவார். உருக்கமான பாட்டு என்றால் பாதியில் சாய்வார். செய்தி நேரத்தில் இருவரும் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். மறுமுனையில் அந்த அம்மாள் காத்திருந்து கேரியரை இரு கைகளாலும் பிடித்து நிறுத்துவார். இவர் இறங்கி, ஆரம்பித்த முனைக்கே தள்ளிக்கொண்டு வந்து, சைக்கிளைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறுவார்.

நாலாவது வாரம் மூன்று இருபது கிலோ எடைக்கற்களைக் கேரியரில் கட்டினார்கள். அறுபது கிலோ.

"ரெண்டு கிலோ கூட இருக்கே சார்?"

"புடவை."

கடைசிச் சனிக்கிழமை, பதினெட்டு மீட்டரையும் நூற்று அறுபதில் நிறுத்தி, ஒரு துள்ளல் இல்லாமல் வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் கைதட்டினார்.

"அப்புறம், திருப்பறது எப்படிம்மா?"

"ஒரு நேரத்துல ஒண்ணு சார். லாரிக்காரங்களே இதுமேல திரும்பமாட்டாங்க."

வீட்டில் முழங்கைக் காயங்களுக்கு ஒரு பூனையைக் காரணம் சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிறு வந்தது. மனைவி நல்ல புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விடிவதற்கு முன்பே மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் பக்கத்தில் நின்றாள். தெருவில் கூட்டமாக இருக்கிறது என்று சொல்லிப் பாலத்தடி வரை தள்ளியே கூட்டிப்போனார். பாலத்தடியில் அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் சட்டை போட்ட தொண்டன் ஒருவன் விசில் ஊதினான்.

"ஐயா, ஏறி ஓட்டணும். நடக்கக்கூடாது."

"மேடு முடியட்டும் தம்பி."

தொண்டன் சொன்னது நியாயம்தான். ஆனால் பாலத்தின் ஏற்றம் நியாயம் பார்க்கவில்லை. கால்வாசி தூரத்தில் குழந்தைகளை வைத்து ஓட்டியவர்கள் இறங்கினார்கள். அரைவாசியில் காதலர்கள் இறங்கினார்கள். முக்கால்வாசியில், பளபளப்பான தொப்பியும் உடம்போடு ஒட்டிய சட்டையுமாக வந்த வீரர்களே இறங்கி, மூச்சு வாங்கித் தள்ளத் தொடங்கினார்கள். தள்ளுவது என்று வந்துவிட்டால் அந்த நகரத்தில் இவருக்கு நிகர் யார்? இருபத்தாறு வருடப் பயிற்சி. இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டில், உடம்பை லேசாகச் சாய்த்து, அரிசி மூட்டை தள்ளுகிற மாதிரி அல்ல, தொட்டில் ஆட்டுகிற மாதிரி, ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போனார். கேரியரில் மனைவி மகாராணி போல உட்கார்ந்து, பின்தங்குகிறவர்களுக்கெல்லாம் ஆறுதலாகத் தலையசைத்தாள்.

தொப்பிக்காரன் ஒருவன் திணறிக்கொண்டே கேட்டான்: "சார், நீங்க எந்த கிளப்?"

"எடை அளவு."

உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்த சைக்கிள் அதுதான். வாத்தியக் கோஷ்டிக்காரர்கள் அதுவரை ஆளே வராததால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து ஊத ஆரம்பித்தார்கள். மனைவி கைப்பிடிச் சுவரோரமாக நின்று ஊரைப் பார்த்தாள். ரயில் ஒன்று பொம்மை போலப் போனது. சலவைக்கடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"அட, நம்ம கடை மொட்டைமாடியில பாருங்க. பச்சைப் போர்வை. ஒரு அம்மா நாலு நாளாத் தொலைஞ்சுபோச்சுன்னு சண்டை போடுது, இங்க காயுது." பிறகு திரும்பி வந்து கேரியரில் உட்கார்ந்தாள். "சரி, எறங்கலாம். இப்ப மிதிங்க."

எதிரே இறக்கம் நீளமாகக் கிடந்தது. பதினெட்டு மீட்டரைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு முடிந்ததும் மனசு மாறிவிட்டது.

"இந்தாம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஓட்டத் தெரியாது."

"ம், ஏறுங்க."

"நிஜமா. இத்தனை வருஷமாத் தெரியாது."

"அப்ப ஆபீஸுக்கு எப்படிப் போனீங்க, பறந்தா?"

"தள்ளிட்டு."

அவள் சிரித்த சிரிப்பில் முரசுக்காரர் தாளம் தவறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முரசுக்காரரிடமே சொன்னாள்: "கேட்டீங்களா ஐயா? ஊரெல்லாம் இவருக்குப் பத்து கிராம் சார்னு பேரு. இன்னைக்குத்தான் முதமுதலாப் பொய் சொல்றாரு. அதுவும் இப்படிப் பொருந்தாத பொய்யி."

கல்யாணமான நாளிலிருந்து சொல்ல வேண்டியிருந்த உண்மையை ஒருவழியாகச் சொல்லி முடித்தார், முத்திரை கிடைக்கவில்லை. அவள் இரு கைகளாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

சைக்கிள் தானாகவே கிளம்பியது. பழக்க தோஷம், கழுத்து வலது பக்கம் திரும்பியது. அங்கே சிவப்பு எண் ஏதும் இல்லை. பாலத்தை ஒட்டி உயர்ந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் ஒரு மனிதர், பின்னால் புடவை பறக்கிற பெண்ணோடு, ஒரு பச்சைச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஆடவில்லை. நூற்று அறுபது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

"ஏங்க! காத்து! காத்து அடிக்குதுங்க!" என்று அவள் கூவினாள். பின்னால் வாத்தியக் கோஷ்டி துள்ளலாக ஒன்றை எடுத்தது. அவர் தாளத்துக்கு மிதித்தார். மிதிக்கத் தேவையே இல்லை. பெடல்தான் அவர் காலை மிதித்துக்கொண்டிருந்தது.

பாலத்தின் அடியில் மஞ்சள் சட்டைகள் கொடி காட்டி எல்லோரையும் இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "இடது! ஐயா, இடது!"

"நேரா! நேரா!" என்று இவர் பதில் சொல்லிவிட்டு அவர்களுக்கு நடுவில் புகுந்து போனார். விசில்கள் பின்னால் தேய்ந்தன.

"எங்கங்க போறோம்?"

"நேரா."

"அது தெரியுது. எங்க?"

"ரோடு முடியற எடத்துக்கு."

அவளுக்குப் பரம சந்தோஷம். மற்ற எல்லோரையும் ஒரு வட்டம் சுற்றவிட்டு அனுப்பும்போது, தன்னை மட்டும் தனி வழியில் கூட்டிப்போகிறாரே என்று. அந்தச் சாலையில் மனித நடமாட்டமே இல்லை. மூடிய வங்கிகளையும், திறக்காத துணிக்கடைகளையும், வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காவலாளியையும் தாண்டினார்கள். காவலாளி வாயில் நுரையோடு கையசைத்தார். நாலு கிலோமீட்டர் போயிருப்பார்கள். ஏழு என்று பிற்பாடு அவள் கடையில் சொன்னாள். கடைசியில் சாலை லேசாக மேலேறி ஒரு கிடங்கின் பூட்டிய கதவில் முடிந்தது. ஏற்றத்தில் சைக்கிள் மெதுவாகி, மெதுவாகி, நின்று, யோசித்து, இரண்டு பேரையும் புல்லில் சாய்த்தது.

மனைவி எழுந்து புடவையை உதறினாள்.

"ஏன் இப்படி? முன்னாடியே நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தறது எனக்கு வராது. அந்த அம்மாதான் புடிச்சு நிறுத்துவாங்க."

"எந்த அம்மா?"

எல்லாவற்றையும் சொன்னார். படிவத்திலிருந்து எடைமேடை வரைக்கும். அவள் கிடங்குப் படியில் உட்கார்ந்து கேட்டாள். சிரிக்கவில்லை. அவர் பயந்த அந்தப் பார்வை இதோ வந்துவிடும் என்று முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார்.

"அப்ப அந்த முட்டி வலி?"

"பொய்."

"பஞ்சரு?"

"ரெண்டு தடவை நிஜம்."

"கையில பூனை பிறாண்டுனது?"

"பூனையே கிடையாது."

"அப்ப நான் அஞ்சு வாரமா மாடிப்படிக்குக் கீழ பால் வெச்சேனே, அதை யாரு குடிச்சது?"

"அது எனக்கும் தெரியல."

அவள் புடவையில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளி எறிந்துவிட்டு, "பாலத்து மேல சொன்னது நிஜம்தானா?" என்று கேட்டாள்.

"நிஜம்."

"தெரியாமத்தான் என்னைப் பின்னாடி வெச்சு அந்த எறக்கத்துல எறங்குனீங்களா?"

"காத்து வேணும்னு கேட்டியே."

அவள் எழுந்து வந்தாள். கேரியரைப் பிடித்துச் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி, அரைவட்டமாகத் திருப்பி, வந்த வழிக்கு நேராக வைத்தாள்.

"ஏறுங்க. பத்து மணிக்குக் கார் விட்டுடுவாங்க. இங்கேருந்து நேரா எது வரைக்கும்?"

"பாலத்தடி வரைக்கும். அப்புறம் வலது பக்கம். அங்கேருந்து வீட்டுக்கு மொத்தம் ஒம்பது திருப்பம் இருக்கு."

"திருப்பத்தை நான் பாத்துக்கறேன். குதிச்சுப் புடிச்சு நிறுத்திக்கறேன். நீங்க மூஞ்சிய முன்னாடி வைங்க."

முன்னாடி வைத்தார். இரண்டு தடவை விழுந்தார்கள். மூன்றாவது தடவை போனார்கள்.

பாலத்தடியில் அவள் குதித்து, கேரியரைப் பிடித்து நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி வலது பக்கத் தெருவுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். 'இடது, இடது' என்று கத்திய தொண்டன் விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பாக்கற? கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள் அவள், கேரியரில் ஏறிக்கொண்டே. "அவரு நேராத்தான் வருவாரு."